ஈரநீறு

மலையடிவாரத்தில் ஓர் ஆசிரமம் இருந்தது. பன்னிரண்டு பெண்கள், நான்கு மாடுகள், ஒரு கிணறு. முகம் பார்க்கும் கண்ணாடி மட்டும் கிடையாது. அவரவர் முகத்தை அவரவர் பார்த்து என்ன ஆகப்போகிறது என்று முன்பிருந்த குரு ஒருத்தி கழற்றிப் போட்டாளாம். திரும்ப மாட்ட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

இப்போதைய குருவை எல்லோரும் சாமியம்மா என்பார்கள். வயது முப்பத்தெட்டு. சிஷ்யைகளில் பாதிப் பேர் அவளுக்கு மூத்தவர்கள். அவர்களை அவள் அக்கா என்றே கூப்பிடுவாள். எந்த வேலையை யாரிடம் விட்டாலும், பால் கறப்பதை மட்டும் விடமாட்டாள்.

உலகம்மை அந்த அக்காக்களில் ஒருத்தி. ஐம்பது நடக்கிறது. ஒன்பது வருஷமாகத் திருநீறு செய்வதுதான் அவள் வேலை. சாணத்தை உருண்டை பிடித்து வெயிலில் காயப்போடவேண்டும், உமி மூடி எரிக்கவேண்டும், வெந்த சாம்பலைத் துணியில் சலிக்கவேண்டும். வெயிலும் சாம்பலும் சேர்ந்து அவள் தோலின் ஈரத்தையெல்லாம் உறிஞ்சிவிட்டன. மாதவிலக்கு நின்றபிறகு இன்னும் மோசம். முகம் கழுவினால் பிய்த்துக்கொண்டு போவதுபோல் இழுக்கும்.

அவளுக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. தீட்சை வாங்கவேண்டும்.

அந்த ஆசிரமத்தில் ஒரு வழக்கம் உண்டு. தீட்சை ஆகாதவர்கள் திருநீற்றை உலர்ந்தபடியே பூசவேண்டும். தீட்சை ஆனவர்கள் மட்டுமே தண்ணீரில் குழைத்துப் பூசலாம். குழைத்த நீறு காய்ந்தால் பளீரென்று நிற்கும். சித்திரைப் பௌர்ணமியில் ஒருத்திக்குக் கொடுப்பது வாடிக்கை. ஆனால் சாமியம்மாவுக்குத் தோன்றினால் நாள் பார்க்காமல், ஒருவருக்கும் சொல்லாமல், யாருக்கும் கொடுப்பாள். வாங்கியவளும் வாய் திறக்கக்கூடாது. அவள் முகத்தைப் பார்த்து மற்றவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியதுதான்.

உலகம்மை இரண்டு சித்திரைப் பௌர்ணமிகளுக்கு முன்னாலும் போய்க் கேட்டிருக்கிறாள். இரண்டு தடவையும் சாமியம்மா, "பாப்போம்க்கா" என்றாள். அந்தப் பதிலோடு எத்தனை நாள் அழுதாள் என்பது அவள் பாய்க்குத்தான் தெரியும்.

பங்குனியில் சலிக்கிற துணி வாங்க டவுனுக்குப் போனாள். மருந்துக்கடை வாசலில் கறுத்து வற்றிய ஒரு கிழவி எதிரே வந்தாள். உலகம்மை மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டாள். கிழவியும் ஒதுங்கினாள். இவள் இந்தப் பக்கம் வந்தால் அவளும் இந்தப் பக்கம் வந்தாள். கடைசியில் பார்த்தால் அது கடையின் கண்ணாடிக் கதவு.

உலகம்மை அந்த இடத்தைவிட்டு அசையாமல் நின்றாள். பெற்ற தாய் செத்தபோதுகூட அவள் அப்படி நின்றதில்லை.

கடையில் இருந்த பெண் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தாள்.

"யம்மா, இது மங்கு. கன்னத்துல கறுப்பு கறுப்பா இருக்குல்லா? வெயில்ல நிக்கிற வேலையோ?"

"ஆமா தாயி."

"இந்த வயசுல தோலு காயத்தான் செய்யும். கண்டதையும் வாங்கிப் பூசாதீக. மூணே மூணு போதும். காலைல இத வச்சி முகத்தக் கழுவுங்க, ஈரம் போறதுக்குள்ள இந்தக் கிரீமு. வெளிய இறங்குமுன்ன இந்த லோஷன். ரெண்டு விரல் நீளத்துக்கு எடுத்து, முகம், கழுத்து, காது எல்லாம் நல்லாத் தேயிங்க. ராத்திரி கழுவிட்டுக் கிரீமு மட்டும். அம்புட்டுத்தான்."

"அம்புட்டுத்தானா?"

"தினமும் செய்யணும். அதுதான் கஷ்டம்."

தினமும் செய்வது உலகம்மைக்குக் கஷ்டமில்லை. ஒன்பது வருஷமாக வேறு என்ன செய்கிறாள்? ஒளித்துவைப்பதுதான் கஷ்டம். யோசித்து யோசித்து, மூன்றையும் தன் திருநீற்றுச் சுருக்குப்பைக்குள் வைத்தாள். அடுத்தவளின் திருநீற்றுப் பையில் யாரும் கைவிடமாட்டார்கள்.

விடிவதற்குள் கிணற்றடியில் முகம் கழுவுவாள். கிரீமைப் பூசுவாள். லோஷனை இரண்டு விரல் அளவுக்கு, கடைப்பெண் சொன்னபடி ஒரு பொட்டுக் குறையாமல் எடுப்பாள். ஆனால் தேய்ப்பதற்குள் யாராவது வருகிற சத்தம் கேட்கும். அரைகுறையாக இழுத்துவிட்டுக்கொண்டு நல்லபிள்ளையாக நடந்துவிடுவாள். பார்த்துச் சரிசெய்யக் கண்ணாடியா இருக்கிறது?

முகத்தில் வெள்ளை பட்டைபட்டையாகக் காய்ந்து நின்றது. நெற்றியில், புருவத்தில், காதோரத்தில், கழுத்து மடிப்பில். அது அங்கே இருந்த பதினொரு பேருக்கும் தெரிந்தது. அவளுக்குத்தான் தெரியவில்லை.

முதலில் பார்த்தவள் சமையல்கட்டுத் தெய்வானை. ரகசியம் என்றால் அவளுக்கு வயிற்றில் தங்காது. உலகம்மையைக் கண்டதும் அகப்பையைப் போட்டுவிட்டு எழுந்து நின்றாள்.

"யக்கா, சாமியம்மா எப்பக் குடுத்தாக?"

"எதைட்டி?"

"சரி சரி, சொல்லக்கூடாதுல்லா. எனக்குத் தெரியாதா? ஈரநீறு பூசியிருக்கீக, அதும் கழுத்து வரைக்கும்!"

உலகம்மை விரலால் புருவத்தைத் தொட்டுப் பார்த்தாள். விரலில் வெள்ளை வந்தது. 'இது நீறு இல்லை, லோஷன்' என்று சொல்ல வாயெடுத்தாள். தெய்வானை அதற்குள் அவள் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அன்று மத்தியானம் உலகம்மையின் இலை தீட்சை ஆனவர்கள் உட்காரும் முன்வரிசையில் விழுந்தது.

மறுநாளே கழுவித் துடைத்துவிட்டு வந்திருக்கலாம். வந்தாளா? வரவில்லை. மற்ற இரண்டையும் எப்போதும்போல் செய்தாள். மூன்றாவதை மட்டும் இன்னும் கொஞ்சம் கூடுதலாக எடுத்தாள், இன்னும் கொஞ்சம் குறைவாகத் தேய்த்தாள். ஒன்பது வருஷம் பின்வரிசையில் உட்கார்ந்தவளுக்கு அந்த இலை அப்படி இனித்தது. கேட்டவர்களுக்கெல்லாம் மௌனமாகச் சிரித்துவைத்தாள். தீட்சை வாங்கியவர்கள் அப்படித்தான் சிரிப்பார்கள்.

சாமியம்மா ஒன்றும் கேட்கவில்லை. உலகம்மையும் அவள் கண்ணில் படாமலே திரிந்தாள்.

பௌர்ணமிக்கு மூன்று நாள் முன்பு, கைப்பிள்ளையோடு ஒரு தாய் வந்தாள். பிள்ளைக்கு நாலு நாளாகக் காய்ச்சல். மருந்து கொடுத்தும் இறங்கவில்லை என்று அழுதாள். உலர்ந்த நீறு பூசியவர்களையெல்லாம் தாண்டி நேராக உலகம்மையிடம் வந்தாள்.

"நீங்க பூசிவிடுங்க தாயி. உங்க முகத்தப் பாத்தாலே தெரியுது."

உலகம்மை சுருக்குப்பைக்குள் கையை விட்டாள். முதலில் லோஷன் டியூப்தான் தட்டுப்பட்டது. அதை ஒதுக்கி, அடியில் கிடந்த நீற்றை எடுத்துப் பிள்ளை நெற்றியில் பூசினாள். நெற்றி கொதித்தது. தாய் கும்பிட்டுவிட்டுப் போனாள். உலகம்மைக்கு அன்று சோறு இறங்கவில்லை. தன்மேலே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

மறுநாள் காலை மாட்டுக்கொட்டிலுக்குப் போனாள். சாமியம்மா பசுவின் காம்பில் விளக்கெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.

"சாமியம்மா, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"இந்தத் தோலு ஒரு நாள் வெந்து சாம்பலாகப் போறதுதானே. இதப் பேணுதது தப்பா?"

சாமியம்மா பசுவைக் காட்டினாள்.

"இதுவும்தான் ஒரு நாள் சாகும். காம்பு வெடிச்சிருக்கு. சும்மா விடச் சொல்லுதீங்களா?"

"அது வாயில்லாச் சீவன்."

"உங்க கன்னத்துக்கு வாய் இருக்கோ?"

சாமியம்மா எண்ணெய் இருந்த இடம் தெரியாமல் தேய்த்துவிட்டு, ஒரு துணியால் துடைத்தாள். பிறகு செம்பை அடியில் வைத்துப் பீய்ச்சினாள்.

"என்னத்துக்குச் சாமியம்மா துடைச்சீங்க?"

"காம்புக்குப் போட்டது பால்ல வரக்கூடாது."

உலகம்மை மடமடவென்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். கண்ணாடிக் கதவு, கிழவி, மூன்று டியூப், முன்வரிசை இலை, காய்ச்சல் பிள்ளை. சொல்லிமுடித்துச் சுருக்குப்பையை அவிழ்த்து நீட்டினாள். எங்கே வெளியே போகச் சொல்லிவிடுவாளோ என்று பயந்தாள்.

சாமியம்மா கையைத் துடைத்துக்கொண்டு லோஷனை எடுத்தாள். மோந்து பார்த்தாள்.

"வெள்ளரிக்காய் வாசனை. இதுதானா! ஒரு மாசமா எங்கருந்து வருதுன்னு பாத்துக்கிட்டே இருக்கேன்."

இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கி, வெயிலில் கன்றிப்போயிருந்த தன் கழுத்தில் வைத்தாள். அவசரமே இல்லாமல் தேய்த்தாள். உலகம்மை பார்த்துக்கொண்டே இருந்தாள். கழுத்து கழுத்தாகவே இருந்தது, பூசிய சுவடே இல்லை.

"நல்லாத்தான் இருக்கு. எரிச்சல் நிக்குது. நாளைக்கும் கொண்டாங்க."

"அப்ப நான் பூசலாமா?"

"பூசுங்க. தேய்க்கத்தான் உங்களுக்குத் தெரியல."

சாமியம்மா பையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த மாட்டுக்குப் போனாள்.

அன்று மத்தியானம் உலகம்மை பின்வரிசையில் போய் உட்கார்ந்தாள். தெய்வானை இலையை எடுத்துக்கொண்டு பதறி ஓடிவந்தாள்.

"யக்கா, இங்க வந்து உக்காந்துட்டீக?"

உலகம்மை எழுந்து, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். தனக்குத் தீட்சை ஆகவில்லை, முகத்தில் இருந்தது நீறு இல்லை, மருந்துக்கடை லோஷன். டியூபை எடுத்துக் காட்டவும் செய்தாள். ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். ஒருத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தெய்வானை, காலைத் தொட்டுக் கும்பிட்டதை எப்படித் திரும்ப வாங்குவது என்று தெரியாமல் விழித்தாள்.

அதோடு நிற்கவில்லை. வெயில் தாழ்ந்ததும் அந்தத் தாயின் ஊருக்கு நடந்தே போனாள். பிள்ளைக்குக் காய்ச்சல் இறங்கியிருந்தது. அது டாக்டர் மருந்தில்தான் இறங்கியது, என்னால் இல்லை என்று அவளிடமும் சொன்னாள். அந்தத் தாய் அதைக் காதிலேயே வாங்கவில்லை; இன்னொரு தரம் கும்பிட்டாள்.

ஆசிரமத்தில் பேச்சு மாறத் தொடங்கியது. ஒளிக்காமல் சொல்லிவிட்டாளே, எவளுக்கு வரும் அந்த மனசு என்றார்கள். சிரித்தவளே வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். தெய்வானை, "நானாயிருந்தா செத்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்" என்று மூன்று பேரிடம் சொன்னாள். உலகம்மை அதையெல்லாம் கேட்டும் கேளாததுபோல் சாம்பல் சலித்துக்கொண்டிருந்தாள். முதுகு மட்டும் கொஞ்சம் நிமிர்ந்திருந்தது.

பௌர்ணமி அன்று விடிந்ததும் கிணற்றடிக்குப் போனாள். கழுவினாள். கிரீம் பூசினாள். லோஷனை நிதானமாகத் தேய்த்தாள். யாரோ வந்தார்கள், வரட்டும் என்று தேய்த்தாள். வாளித் தண்ணீரில் குனிந்து பார்த்தாள். வெள்ளை எங்கும் இல்லை. உலர்ந்த நீற்றை ஒரு சிட்டிகை எடுத்து நெற்றியில் இட்டுக்கொண்டாள்.

கொட்டிலில் சாமியம்மா கறந்து முடித்து, செம்பைத் துணியால் மூடிக்கொண்டிருந்தாள். உலகம்மை காலில் விழுந்து எழுந்தாள்.

"எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன் சாமியம்மா. ஒருத்தர்கிட்டயும் ஒளிக்கல. அந்தப் பிள்ளையோட ஆத்தாகிட்டயும் நடந்தே போய்ச் சொல்லிட்டு வந்தேன்."

"ம்."

"இன்னைக்குப் பௌர்ணமி."

"ஆமா."

"இந்தத் தடவையாவது எனக்குக் குடுப்பீங்களா?"

சாமியம்மா அவள் முகவாயைத் தொட்டு வெளிச்சத்துக்குத் திருப்பினாள். கன்னத்தையும் புருவத்தையும் காதோரத்தையும் நின்று பார்த்தாள்.

"வெள்ளை தெரியுதுக்கா."

உலகம்மை புருவத்தைத் துடைத்தாள். காதோரத்தைத் துடைத்தாள். கழுத்து மடிப்பில் விரலை விட்டுத் துழாவினாள். விரலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். சுத்தமாக இருந்தது.

"ஒண்ணுமே இல்லியே சாமியம்மா."

"இருக்கு," என்று சாமியம்மா பால்செம்பைத் தூக்கிக்கொண்டாள். "இன்னும் கொஞ்சம் தேய்ங்க."