ஆமாம் போட்ட ஊரும் ஒரு பலாமரமும்

ஒரே ஒரு ஊருல, ஊருக்குக் கிழக்கால ஒரு பலாமரமாம், அந்த மரத்தை நம்பி இசக்கியம்மான்னு ஒருத்தி இருந்தாளாம். பழத்தை வித்தாத்தான் அவ வீட்டு உலை கொதிக்கும்.

அந்த ஊருக்கு ஆண்டியப்பன்னு ஒரு பேச்சுக்காரன் வந்தான். வந்தவன் சும்மா இருந்தானா? ஊரைக் கூட்டி வச்சுக்கிட்டு, "அறிவாளி ஜனங்களே! சூரியன் கிழக்கதானே உதிக்குது?"ன்னான்.

"ஆமா!"

"மாடு நாலு காலுலதானே நடக்குது?"

"ஆமா!"

"தண்ணி பள்ளத்துக்குத்தானே ஓடுது?"

"ஆமா ஆமா!"

"அப்போ இந்தப் பலாமரம் எனக்குத்தானே?"

"ஆமா!"

கூத்தைக் கேளுங்க, அதுல ரொம்பச் சத்தமா "ஆமா" போட்டது நம்ம இசக்கியம்மாதான்! சொன்ன பிறகு வாயைப் பொத்தி என்ன செய்ய? "நாளைக்குக் கோடாலியோட வாரேன்"னுட்டு அவன் போயிட்டான்.

அழுதுக்கிட்டே தொழுவத்துக்குப் போனா, அங்க மாடு அசை போட்டுக்கிட்டு நின்னுது. வாய் பாட்டுக்கு மெல்லுது, காது ரெண்டும் விடைச்சு நிக்குது. அவ்வளவுதான், மெல்லுற வாய் ஆமா போடாது, காதுதான் கேக்கும்னு தோணி, அழுகை நின்னு சிரிப்பு வந்துட்டு அவளுக்கு.

மறுநாள் விடிஞ்சதும் பழத்தையெல்லாம் இறக்கி, "நாளைக்கு மரம் இருக்காது, தின்னுட்டுப் போங்க"ன்னு ஊரையே கூப்பிட்டா. ஆளுக்கு அஞ்சாறு சுளை. பிசின் உதட்டுல ஒட்ட, கன்னம் ரெண்டும் உப்ப எல்லாரும் மென்னுக்கிட்டு நிக்கையில வந்தான் ஆண்டியப்பன்.

"சூரியன் கிழக்கதானே உதிக்குது?"

மொச்சு மொச்சுன்னு மெல்லுற சத்தம்.

"மாடு நாலு காலுலதானே நடக்குது?"

மொச்சு மொச்சு.

"தண்ணி பள்ளத்துக்குத்தானே ஓடுது? அப்போ, மரத்தை ஏத்திட்டுப் போக ஊர்ப்பெரியவர் வண்டிமாடும் எனக்குத்தானே?"

ஊர்ப்பெரியவர் சுளையை முழுங்கினாரு, கொட்டையைத் துப்பினாரு, தலையைச் சொறிஞ்சாரு. "ஏலே, தண்ணி பள்ளத்துக்கு ஓடுனா என் மாடு உனக்கு எப்படிலே?"

வாயில சுளையோட ஊரு சிரிச்ச சிரிப்புல கொட்டையெல்லாம் நாலா பக்கமும் பறந்துச்சு!

இசக்கியம்மா மெல்ல முன்னால வந்தா. "அண்ணாச்சி, உங்களுக்கு வந்த வழி தெரியும்தானே?"

"ஆமா."

"ரெண்டு காலும் நல்லாத்தானே இருக்கு?"

"ஆமா."

"வெயில் ஏறுறதுக்குள்ள போறதுதானே நல்லது?"

"ஆமா ஆமா."

"அப்போ கோடாலியை எங்கிட்டத் தந்துட்டுக் கிளம்புவீகதானே?"

"ஆமா!"

சொல்லிட்டான் பிள்ளைகளா, சொல்லியே போட்டான்! ஊரே கேட்டுட்டு. கோடாலி அவ கைக்கு வந்துச்சு. ஆண்டியப்பன் தன் வாயில தானே ரெண்டு போட்டுக்கிட்டு, தலையைக் குனிஞ்சு, வந்த வழியே நடந்து போயிட்டான்.