தளிர் விட்ட கதவு

காட்டோரத்து ஏரிக்கரையில் கொறியன் என்றொரு எலி வளை தோண்டிக் குடியிருந்தது. அதன் மனைவி நெல்லி. இரண்டுக்கும் இன்னும் நடக்கப் பழகாத ஐந்து குட்டிகள். வளையின் உள்ளே மூன்று குழிகள் நிறைய நிலக்கடலை. குறையில்லாத குடும்பம்தான்.

அந்த வருஷம் ஏரிக்கரைக்கு ஒரு சாரைப்பாம்பும் குடிவந்தது. வந்த வாரமே பக்கத்து வளையிலிருந்த சுண்டெலிக் குடும்பத்தைக் காணவில்லை. எங்கே போயின என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இருக்கவில்லை.

"நம்ம வளைக்கு ஒரு கதவு போடணும்ங்க" என்றது நெல்லி.

"பின்வழிதான் இருக்கே! பாம்பு முன்னால வந்தா நாம பின்னால போயிடலாம்."

"நீங்களும் நானும் போயிடலாம். குட்டிங்க நடக்குமா? ஒவ்வொண்ணா வாயில கவ்விட்டுப் போகணும். அதுவரைக்கும் பாம்பு வாசல்ல நின்னு வேடிக்கை பார்க்குமா?"

கொறியன் எழுந்தது. கதவு வாங்கக் கிளம்பியது.

அந்தக் காட்டில் கதவு செய்வது முள்ளம்பன்றி. கருவேலங்கட்டையைப் பல்லால் கொறித்துக் கொறித்துச் செதுக்கும். வேலை மெதுவாக நடக்கும். பேச்சு அதைவிட மெதுவாக வரும்.

"கதவு என்ன விலை, ஆசாரி?"

"ஒரு குழிக் கடலை."

"ஒரு குழியா! கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க. முக்கால் குழின்னு வெச்சுக்கலாமா?"

முள்ளம்பன்றி கொறிப்பதை நிறுத்தவில்லை. "வெச்சுக்கலாம். முக்கால் கதவு தர்றேன். மீதிக் கால்ல பாம்பு வந்தா என்கிட்ட சொல்லக் கூடாது."

கொறியனுக்குக் கோபம் வந்துவிட்டது. பேரம் பேச இடம் கொடுக்காத கடை ஒரு கடையா? ஒரு கடலையாவது குறைத்திருந்தால் வாங்கியிருக்கும். அதன் சுபாவம் அப்படி. எந்தப் பொருளையும் சொன்ன விலைக்கு வாங்கினால் அன்றைக்கு அதற்குச் சாப்பாடு இறங்காது.

முணுமுணுத்துக்கொண்டே திரும்பி வந்தது. வழியில் ஒரு முருங்கை மரம். மரத்தடியில் கதவுகள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. மேலே கிளையில் ஒரு குரங்கு உட்கார்ந்திருந்தது.

"வாங்கண்ணே! வாங்க, வாங்க! கதவுதானே? உங்களைப் பார்த்ததுமே நினைச்சேன்!"

கொறியனுக்கு மனம் குளிர்ந்தது. இதுவல்லவா கடை! ஒரு கதவைத் தூக்கிப் பார்த்தது. ஒற்றைக் கையில் வந்துவிட்டது.

"என்னப்பா, இவ்வளவு லேசா இருக்கு?"

"வாங்கிட்டுப் போறவங்க சுமந்து கஷ்டப்படக் கூடாதில்லண்ணே! அந்த ஆசாரி கதவைத் தூக்கினா உங்க இடுப்பு என்னாகும்?"

"விலை?"

"மத்தவங்களுக்கு ஒரு குழி. உங்களுக்கு அரைக் குழி."

"கால் குழி!"

"ஐயோ அண்ணே, எனக்குக் கட்டுப்படியாகாதே!" குரங்கு தலையில் அடித்துக்கொண்டது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டது. கொறியன் நாலடி நடந்து போகிற மாதிரி காட்டியது. குரங்கு ஓடிவந்து கையைப் பிடித்தது. "சரிண்ணே, எடுத்துக்கோங்க! உங்க முகத்துக்காகத் தர்றேன்!"

இதோடு நின்றிருக்கலாம். ஆனால் பேரத்தில் ஜெயித்தவர்கள் அடுத்து ஒன்று கேட்பார்கள் அல்லவா? கொறியனும் கேட்டது.

"கொசுறு?"

குரங்கு தலைக்கு மேல் கையை நீட்டியது. முருங்கைக் கிளைகள் இரண்டைப் படக் படக் என்று ஒடித்தது. "இந்தாங்க, கதவுக்கு ரெண்டு நிலைக்கால்! பச்சைக் கட்டை, புத்தம் புதுசு. சும்மா கொண்டுபோங்க!"

கொறியன் துள்ளிக் குதித்து வீடு வந்து சேர்ந்தது. நெல்லி கதவை முகர்ந்து பார்த்தது.

"இது முருங்கை இல்லங்களா?"

"மரம்தானே? கதவுன்னா மூடணும், திறக்கணும். இது மூடுது, திறக்குது. கால் குழிக்கு யார் தருவா? அதுவும் கொசுறோட!"

பச்சைக் கிளைகளை வாசலின் இரு பக்கமும் ஈர மண்ணில் ஆழமாக நட்டது. நடுவில் கதவைப் பொருத்தியது. பிறகு கரை முழுக்கப் போய்த் தான் பேசிய பேரத்தை எல்லோரிடமும் சொல்லிவிட்டு வந்தது.

அடுத்த வாரம் கதவில் முதுகைச் சாய்த்தது. கதவு இரண்டாகப் பிளந்தது. கொறியன் குரங்கிடம் ஓடியது.

"என்னப்பா இது? சாய்ஞ்சாலே உடையுது!"

"கதவுல எதுக்குண்ணே சாயறீங்க? கதவுன்னுதானே வித்தேன், திண்டுன்னா வித்தேன்?"

கொறியனுக்கு அதுவும் நியாயமாகத்தான் பட்டது. இன்னொரு கால் குழிக்கு இன்னொரு கதவு வாங்கியது. அது காற்றில் படாரென்று அடித்ததில் உடைந்தது. பிறகு ஒன்று. அதைப் பூச்சி அரித்தது. பிறகும் ஒன்று, இன்னும் ஒன்று. கடைசியில் நெல்லி கடலைக் குழிகளை எட்டிப் பார்த்தது.

"ஆசாரி கேட்டது ஒரு குழி. நம்ம வீட்டுல ஒரு குழி காலியாயிடுச்சு. ரெண்டாவது குழியும் இறங்கிட்டு இருக்கு."

"அது வேற கணக்கு" என்றது கொறியன். எந்தக் கணக்கு என்று அதற்கே தெரியாது.

மழைக்காலம் வந்தது. ஏரி நிரம்பியது. பள்ளத்தில் தண்ணீர் ஏறியதால் பாம்பு கரை மேலேயே திரிந்தது. ஒரு நாள் காலையில் நெல்லி வாசலுக்கு வந்து அப்படியே நின்றுவிட்டது.

"என்னங்க! நிலைக்கால் துளிர் விட்டிருக்கு!"

ஆமாம். ஈர மண்ணில் நட்ட முருங்கைக் கிளை சும்மா இருக்குமா? இரண்டு காலிலும் பச்சைப் பசேலென்று தளிர். கொறியனுக்கு வாயெல்லாம் பல்.

"பார்த்தியா! கதவு வாங்கினா கீரை சும்மா வருது! ஆசாரி கதவுல கீரை முளைக்குமா?"

மூன்று நாள் கீரை தின்றன. அதற்குப் பிறகு கம்பளிப்பூச்சி வந்தது. மழையில் முருங்கை இருந்தால் கம்பளிப்பூச்சியும் இருக்கும், அதற்கு யாரும் அழைப்பு அனுப்ப வேண்டாம். நிலைக்கால் முழுவதும் கறுப்பாக மொய்த்தன. அங்கிருந்து வளைக்குள் இறங்கின. குட்டிகள் உடம்பெல்லாம் தடித்துப் போய், நாள் முழுக்க அழுதன. நெல்லி ஒன்றைச் சொறிந்துவிட்டால் இன்னொன்று கத்தியது.

இதற்குள் துளிர்கள் கிளைகளாகி வாசலுக்குள்ளேயே நீண்டுவிட்டன. கதவு பாதி வழியில் சிக்கிக்கொண்டது. மூடவும் இல்லை, திறக்கவும் இல்லை.

"அந்தக் கிளையைக் கடிச்சு எறியுங்க!" என்றது நெல்லி.

கொறியன் வாயைக் கொண்டுபோனது. கிளை நிறையக் கம்பளிப்பூச்சி. வாயைத் திருப்பிக்கொண்டது. "மழை விடட்டும்" என்றது.

மழை விடவில்லை. அன்று மத்தியானமே பாம்பு வந்தது.

"கதவைத் தட்டலாம்னு வந்தேன்" என்றது பாம்பு. "திறந்தே வெச்சிருக்கீங்க. நல்ல மனசு!"

கம்பளிப்பூச்சிகளை அது சட்டை செய்யவில்லை. இடுக்கில் தலையை நுழைத்தது.

"நெல்லி! குட்டிங்களைத் தூக்கு! பின்வழியா ஓடு!"

கொறியன் பாய்ந்து போய்க் கதவில் முதுகைக் கொடுத்து அழுத்தியது. கம்பளிப்பூச்சிகள் அதன் கழுத்தில் விழுந்தன, காதில் ஊர்ந்தன. அசையவில்லை. நெல்லி முதல் குட்டியைக் கவ்விக்கொண்டு ஓடியது. திரும்பி வந்தது. இரண்டாவது. மூன்றாவது. கதவு முனகியது. நான்காவது. கதவில் விரிசல் விழுந்தது.

"இன்னும் ஒண்ணுதான்! இன்னும் ஒண்ணுதான்!" என்று கத்திக்கொண்டே நெல்லி வந்தது.

'இவ்வளவு லேசா இருக்கு?' என்று தான் கேட்டது அந்த நேரத்தில் கொறியனுக்கு ஞாபகம் வந்தது. பயத்தைவிட வெட்கம்தான் அதிகமாக இருந்தது.

நெல்லி ஐந்தாவது குட்டியோடு பின்வழியில் மறைந்தது. கதவு படக்கென்று உடைந்தது. கொறியன் பாய்ந்தது. பாம்பும் பாய்ந்தது. கொறியன் தப்பிவிட்டது. அதன் வால் தப்பவில்லை.

அன்று மாலை மறுகரையில் ஒரு பாறை இடுக்கில் ஏழும் நனைந்தபடி உட்கார்ந்திருந்தன. வளை போயிற்று. மீதிக் கடலையும் வளையோடு போயிற்று. நெல்லி ஒரு வார்த்தை திட்டவில்லை. கொறியனின் கழுத்திலிருந்த தடிப்பை நக்கிவிட்டது. திட்டியிருந்தால் அதற்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

மறுநாள் கொறியன் முள்ளம்பன்றியின் முன்னால் போய் நின்றது.

"ஆசாரி, ஒரு கதவு வேணும். கடலை இல்ல. பல்லு இருக்கு."

முள்ளம்பன்றி அதன் மொட்டை வாலைப் பார்த்தது. ஒரு கருவேலங்கட்டையை அதன் பக்கம் உருட்டிவிட்டது. "அந்த ஓரத்துல ஆரம்பி."

மழைக்காலம் முடியும் வரை கொறியன் அங்கே கட்டை கொறித்தது. பாறை இடுக்குக்குக் கதவு வந்தது. ஒரு நாள் பாம்பும் வந்தது. தள்ளிப் பார்த்தது, முட்டிப் பார்த்தது, மூக்கு வலித்துத் திரும்பிப் போனது. உள்ளே குட்டிகள் தூங்கிக்கொண்டிருந்தன.

வெயில் வந்த பிறகு, கொறியன் ஒரு நாள் பழைய வளைப் பக்கமாகப் போனது. அதன் நிலைக்கால்கள் இப்போது இரண்டு முருங்கை மரங்கள். அந்த நிழலில் பாம்பு சுருண்டு படுத்திருந்தது. பாம்புக்கு எட்டாத மேல் கிளையில், குரங்கு புதுக் கதவுகளுக்காகக் கிளை ஒடித்துக்கொண்டிருந்தது.

சற்றுத் தள்ளி ஒரு அணில் நின்று பேரம் பேசியது. "கால் கூடைக்குத் தர்றியா? கொசுறு உண்டா?"

"உங்களுக்கு இல்லாததா! ரெண்டு நிலைக்கால் சும்மாத் தர்றேன்!"

அணில் வாயெல்லாம் பல்லாகத் திரும்பியது. கொறியனைக் கண்டது. "அட, என்னண்ணே! உங்க வால் எங்கே?"

கொறியன் குரங்கை நிமிர்ந்து பார்த்தது.

"நானும் இந்தக் கடையிலதான் கதவு வாங்கினேன்" என்றது. "அதுக்குக் கொசுறா நான் கொடுத்தது என் வால்!"

அணில் தன் வாலைத் தூக்கிக்கொண்டு நேராக முள்ளம்பன்றி வீட்டுக்கு ஓடியது.

விலை குறைவு என்பதற்காகவே ஒரு பொருளை வாங்குகிறவர், கடையில் மிச்சம் பிடித்ததைவிட அதிகமாக வீட்டில் இழப்பார்.