நார்மன் எறிந்த பந்து

"நார்மன் அதை வேணும்னே செஞ்சானா, இல்லையா? எனக்கு அது தெரிஞ்சாகணும்."

காலையில் எழுந்ததும் டெரிக் கேட்டது இதுதான்.

பாபநாசம் பக்கம் மலையடிவாரத்தில் இருக்கிற சின்ன ஆசிரமம் அது. அதை நடத்துகிற வடிவம்மை அம்மா முற்றத்தில் உட்கார்ந்து புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். டெரிக்கைவிட வயதில் சின்னவர். நிறைய பேசுகிறவர் அல்ல. அவருக்கு இங்கிலீஷ் தெரியும் என்பதால் பேச்சு அதிலேயே நடந்தது.

டெரிக் வட இங்கிலாந்துக்காரர். ஒரு காலத்தில் ரக்பி லீக் ஆட்டக்காரர். பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓட வேண்டும், எதிராளிகள் கட்டிப்பிடித்துச் சாய்ப்பார்கள், அந்த ஆட்டம். அதில் கோணிப்போன மூக்கு இன்னும் கோணலாகவே இருந்தது.

மனைவி இறந்துபோன பிறகு நிம்மதி தேடி வந்தவர். ஆனால் கூடவே சந்தேகத்தையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். சுக்குக் காபி கொடுத்தால் மோந்து பார்த்துவிட்டுத்தான் வாயில் வைப்பார். யாராவது சிரித்தால், இவனுக்கு என்ன வேண்டுமாம் என்று யோசிப்பார். தங்குவதற்குக் காசு வேண்டாம் என்று அம்மா சொன்ன அன்று மனுஷனுக்குத் தூக்கமே வரவில்லை.

அவர் சொன்ன கதை இது.

நார்மனும் அவரும் ஒரே தெரு, ஒரே அணி. டெரிக்கின் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நின்றவன் நார்மன். ஒரு வருஷம் நாட்டு அணி ஆஸ்திரேலியா போகவிருந்தது. மிச்சமிருந்தது ஒரே ஓர் இடம். அது இவருக்கா, நார்மனுக்கா என்று ஊரே பேசிக்கொண்டிருந்தது.

அதற்கு முந்தைய கடைசி ஆட்டத்தில் நார்மன் அவருக்குப் பந்தை எறிந்தான். உயரமாக, மெதுவாக. டெரிக் இரண்டு கையையும் தூக்கிப் பிடிக்கப் போன நேரத்தில், எதிரணியில் மலை மாதிரி இருந்த ஒருவன் வந்து முழங்காலில் மோதினான். கால் போயிற்று. ஆட்டமும் அதோடு போயிற்று. நார்மன் ஆஸ்திரேலியா போனான்.

அதற்கப்புறம் நாற்பது வருஷம், ஒரே ஊரில் இருந்துகொண்டு ஒரு வார்த்தை பேசவில்லை.

நேற்று நார்மனின் மகள் போன் செய்தாள். அப்பா ஆஸ்பத்திரியில் இருக்கிறார், இன்றோ நாளையோ என்று இருக்கிறது, உங்களைத்தான் கேட்டுக்கொண்டே இருக்கிறார் என்றாள்.

"வேணும்னே செஞ்சிருந்தா நான் போக மாட்டேன்" என்றார் டெரிக்.

அம்மா எழுந்து போய் மட்டை உரிக்காத தேங்காய் ஒன்றை எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தார்.

"நடந்ததைச் செஞ்சு காட்டுங்க."

டெரிக் தேங்காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு விளக்கினார். இந்த ஆட்டத்தில் பந்தை முன்னால் எறியக் கூடாது. பின்னால் வருகிறவனுக்குத்தான் எறிய வேண்டும்.

"நார்மன் முன்னால ஓடுறான். நான் பின்னால வரேன். எதிராளி எதிர்ல வரான். முன்னால போறவன் கண்ணுக்கு அவன் தெரியாம இருப்பானா? பார்த்துட்டுத்தான் எறிஞ்சான்."

"சரி. இப்ப நான் டெரிக். நீங்க நார்மன்."

டெரிக்குக்கு இது பிடிக்கவில்லை. ஊரில் இருக்கிற மதுக்கடை ஒன்று விடாமல் இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறார், எப்போதும் டெரிக்காகத்தான். தன்னை வைத்து வேடிக்கை காட்டப் பார்க்கிறார்களோ என்று தோன்றியது. யாராவது ஒளிந்து நின்று சிரிக்கிறார்களா என்று சமையற்கட்டு ஜன்னலைப் பார்த்தார். யாரும் இல்லை.

இருந்தாலும் ஓடினார். அந்த முழங்காலோடு அதை ஓட்டம் என்று சொல்ல முடியாது. அம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு பின்னால் வந்தார். டெரிக் கழுத்தைத் திருப்பி அம்மாவைப் பார்த்துத் தேங்காயை வீசினார்.

அடுத்த அடியில் சமையல்கார ஆவுடையப்பன் மேல் போய் முட்டினார். கிணற்றிலிருந்து தண்ணீர்க் குடத்தோடு வந்துகொண்டிருந்த ஆவுடையப்பன் தலையோடு கால் நனைந்துவிட்டார்.

டெரிக்குக்குக் கோபம் வந்தது.

"நீங்கதான இவரைக் குறுக்க வரச் சொன்னீங்க?"

ஆவுடையப்பன் வேட்டியைப் பிழிந்துகொண்டே, தான் பாட்டுக்கு நேராக வந்ததாகவும், விலகச் சொல்லிச் சத்தம் போட்டதாகவும் சொன்னார். அம்மா அதை இங்கிலீஷில் சொன்னார். டெரிக் நம்பவில்லை.

"எதிர்ல வந்தவர் உங்களுக்குத் தெரியலையா?" என்று கேட்டார் அம்மா.

"எப்படித் தெரியும்? நான் உங்களைத்தான பார்த்துட்டிருந்தேன்."

அம்மா தலையாட்டினார்.

ஆனாலும் டெரிக் விடவில்லை. நார்மன் எறிகிற பந்து எப்போதும் குண்டு மாதிரி வரும் என்றார். அன்றைக்கு மட்டும் எதற்கு அவ்வளவு உயரமாக, அவ்வளவு மெதுவாக எறிய வேண்டும் என்றார்.

அம்மா தான் பிடித்த தேங்காயைத் தூக்கிக் காட்டினார்.

"நீங்களும் அப்படித்தான் எறிஞ்சீங்க."

"வேகமா எறிஞ்சா உங்க கை தாங்குமா?"

சொல்லிவிட்டு டெரிக் அப்படியே நின்றார்.

மெல்ல, தன் இடது கையைப் பார்த்தார்.

அன்றைக்கு அந்தக் கையில் இரண்டு விரல் உடைந்திருந்தது. வெளியே தெரிந்தால் ஆட விடமாட்டார்கள், அந்த ஓர் இடமும் நார்மனுக்குப் போய்விடும். அதனால் வேறு யாரிடமும் சொல்லவில்லை. ஆட்டத்துக்கு முன்னால் உடை மாற்றும் அறையில், கதவைச் சாத்திவிட்டு அந்த விரல்களைச் சேர்த்துக் கட்டுப் போட்டு விட்டது நார்மன்தான்.

நாற்பது வருஷமாகச் சொன்ன கதையில் அந்த விரல்கள் ஒரு தடவைகூட வந்ததில்லை.

டெரிக் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். கண்ணீர் கண்ணை மறைத்தது. எண்ணைத் தேட முடியவில்லை. போனை அம்மாவிடம் நீட்டினார்.

"அந்தப் பொண்ணுக்குப் போட்டுத் தாங்கம்மா. நான் வர்ற வரைக்கும் அவனை இருக்கச் சொல்லணும்."