மாத்து வரிசை

அந்தப் பூங்காவில் ஒரு குருவும் ஒரு சீடரும் இருந்தார்கள். குருவுக்கு வயது முப்பத்தொன்று. சீடருக்கு அறுபது நெருங்கிக்கொண்டிருந்தது.

அப்படிப் பெயர் வைத்தது வாசலில் நுழைவுச்சீட்டு கிழிக்கும் சரசாள். "குரு எப்பவோ வந்தாச்சு. சீடர் இப்பத்தான் ஆடி அசைஞ்சு வர்றாரு" என்பாள். "நடங்க நடங்க, இல்லாட்டி முட்டி போடச் சொல்லப் போறாங்க."

சீடரான நாச்சிமுத்து சிரிக்க மாட்டார். ஆனால் கோபித்துக்கொள்ளவும் மாட்டார்.

மலையடிவாரத்தில், அணையை ஒட்டிக் கிடந்த இயற்கைப் பூங்கா அது. கோடையில் படகு, மழைக்காலத்தில் அருவி வரை நடை, மார்கழியில் கூடாரம் போட்டுத் தங்கல். சைக்கிள் தடத்தில் எந்த நாளும் ஆள் இருக்கும். வருடத்தில் ஒரு நாள்கூட வாசலை அடைப்பதில்லை.

நாச்சிமுத்துவின் மகள் மைதிலி அங்கே வாரம் தவறாமல் சைக்கிள் ஓட்ட வருவாள். நான்கு வருடங்களுக்கு முன் ஒரு காய்ச்சல் வந்தது. ஒன்பதாம் நாள் அவள் இல்லை.

பூங்காவின் மேற்குச் சரிவுக்கு நினைவுச் சோலை என்று பெயர். யாரையாவது இழந்தவர்கள் அங்கே ஒரு மகிழங்கன்று நட்டு, பக்கத்தில் பெயர்ப்பலகை வைக்கலாம். நாச்சிமுத்துவும் வைத்தார். ஞாயிறுதோறும் வந்து தண்ணீர் ஊற்றினார். பேருந்து நிலையத்தில் டைம் கீப்பர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுநாள், நாற்றங்கால் வாசலில் வந்து நின்றார்.

"அம்மணி, எனக்கும் ஏதாச்சும் வேலை சொல்லிக் குடுங்க. மரத்துக்குப் பக்கத்துலயே இருந்துக்கறேன்."

கோகிலவாணிதான் நாற்றங்காலுக்குப் பொறுப்பு. அவள் அதிகம் பேசுகிறவள் இல்லை. அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, ஒரு களைக்கொத்தைக் கையில் கொடுத்தாள். இது நடந்து ஒரு வருடம் ஆகிறது. கன்றைத் தண்டைப் பிடித்துத் தூக்கக் கூடாது, பையோடு தாங்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தாள். உரக்குழியை வாரம் ஒரு முறை கிளறிவிடக் கற்றுக் கொடுத்தாள். ஒன்றை மட்டும் சொல்லிக் கொடுக்கவில்லை. நாற்றங்காலின் கடைசியில், பச்சை வலைக்குக் கீழே, மகிழங்கன்றுகள் ஒரு வரிசையாக நின்றன. எல்லாம் இடுப்பளவு, நெஞ்சளவு.

"இதெல்லாம் எங்க வைக்கறதுங்க அம்மணி?"

"அது மாத்து வரிசைங்க ஐயா. அதை நான் பார்த்துக்கறேன்."

அவர் மேலே கேட்கவில்லை.

பங்குனி பிறந்ததும் மைதிலியின் கன்றில் இலை நுனிகள் கருகத் தொடங்கின. போன வருடமும் இப்படித்தான் ஆனது. அப்போது மனைவியின் கண் அறுவைக்காக ஒரு வாரம் வராமல் இருந்தார். திரும்பி வந்தபோது கன்று பச்சென்று நின்றது. இடையில் பெய்த ஒரு மழைக்கு அவர் நன்றி சொன்னார்.

இந்த முறை மழை இல்லை. அவர் காலையில் ஊற்றினார், மாலையில் ஊற்றினார். கருகல் நுனியிலிருந்து நடு நரம்புக்கு வந்தது.

ஐந்தாம் நாள் குருவிடம் கேட்டார்.

"அம்மணி, பொழைச்சுக்குமுங்களா?"

கோகிலவாணி தொட்டியில் கை கழுவிக்கொண்டிருந்தாள். கழுவி முடித்துக் கையை உதறினாள்.

"நாளைக்கு வாசல் திறக்கறதுக்கு முன்னால வாங்க."

"மருந்து ஏதாச்சும் வெக்கணுமுங்களா?"

"வாங்க ஐயா."

மறுநாள் விடியும்போது அவர் போனார். அவள் தள்ளுவண்டியில் இரண்டு மகிழங்கன்றுகளை ஏற்றி வைத்திருந்தாள். கடப்பாரையை அவரிடம் கொடுத்துவிட்டு முன்னால் நடந்தாள்.

சரிவில் மூன்றாம் வரிசையில், மைதிலியின் பலகைக்கு நாலடி தள்ளி, வேறொரு பலகை முன்னால் நின்றாள். அகிலன் என்று எழுதியிருந்தது. அவன் அம்மா ரஞ்சிதத்தை நாச்சிமுத்துவுக்குத் தெரியும். சனிக்கிழமைதோறும் வருவாள். அன்று சனிக்கிழமை.

அகிலனின் கன்று காய்ந்து நின்றது. கிள்ளினால் ஒடிந்தது.

"எடுங்க" என்றாள் கோகிலவாணி.

"இதையா?"

"ஆமாங்க."

அவர் கடப்பாரையைப் போட்டார். ஒன்றரை முழம் போனதும் கணீரென்று சத்தம் வந்தது. கை அதிர்ந்தது. பக்கத்தில் போட்டார். அங்கேயும் அதே சத்தம்.

"இந்தச் சரிவு பூராவும் கீழே பாறைங்க" என்றாள். "வேர் அதைத் தொடுற வரைக்கும் மரம் நல்லாத்தான் இருக்கும்."

"அப்புறம்?"

அவள் வண்டியிலிருந்து புதுக் கன்றை இறக்கினாள். காய்ந்ததைப் பக்கத்தில் நிறுத்தி அளந்து பார்த்தாள்.

"புதுசு ரெண்டு விரல் கூட இருக்கணுமுங்க. அப்பத்தான் வளர்ந்த மாதிரி இருக்கும்."

காய்ந்த கிளையில் ஒரு நீலக் கயிறு கட்டியிருந்தது. பள்ளி அடையாள அட்டையின் கயிறு. அவள் முடிச்சை அவிழ்த்து, புதுக் கன்றில் அதே உயரத்தில், அதே பக்கம் பார்த்துக் கட்டினாள். விரல்கள் பழகியிருந்தன. காய்ந்ததை வண்டியில் ஒரு சாக்குக்கு அடியில் மறைத்தாள்.

நாச்சிமுத்து மண்ணைத் தள்ளி மிதித்தார். மிதித்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார்.

"டிப்போவுல நாங்களும் இதைத்தான் பண்ணுவோமுங்க. வண்டி நின்னு போச்சுன்னா, ஸ்பேர் வண்டியில அதே ஊர் போர்டை மாட்டி அனுப்பிருவோம்."

"சனங்க கேப்பாங்களா?"

"ஊர் போய்ச் சேர்ந்தாப் போதும்னு ஏறிக்குவாங்க."

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. கால் மிதிப்பதை நிறுத்தியது. வண்டியில் இன்னொரு கன்று நின்றது.

அவர் கேட்பதற்குள் கீழே செருப்புச் சத்தம் கேட்டது. ரஞ்சிதம் மூச்சு வாங்க ஏறி வந்தாள்.

"இன்னைக்கு என்னங்க, குருவும் சீடரும் இந்நேரத்துக்கே வேலையை ஆரம்பிச்சாச்சா?" என்றாள். கேட்டுக்கொண்டே குனிந்து நீலக் கயிற்றைத் தொட்டாள். இலைகளை ஒவ்வொன்றாகத் தடவினாள்.

"பாருங்க, கொஞ்சம் வளர்ந்திருக்கான்!"

அவள் நாச்சிமுத்துவை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏனுங்க அண்ணா, வளர்ந்திருக்கானில்ல?"

கோகிலவாணி வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் உதவிக்கு வரப்போவதில்லை என்று அவருக்குப் புரிந்தது.

"ரெண்டு விரல் கூட இருக்கும்மா" என்றார்.

ரஞ்சிதம் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். பூங்காவை மூன்று சுற்று நடந்துவிட்டு வருகிறேன் என்று இறங்கிப் போனாள். முழங்கால் வலிக்கு நடை நல்லது என்று டாக்டர் சொல்லியிருக்கிறாராம்.

அவள் தலை மறையும்வரை அவர் பொறுத்தார்.

"எதுக்குங்க இந்தப் பொய்?"

"ஒரே ஒருத்தர்கிட்ட நெசத்தைச் சொன்னேனுங்க ஐயா. நான் வேலைக்கு வந்த வருசம். அவங்க அப்புறம் இந்தப் பக்கமே வரல. எந்தப் பக்கமும் போகலைன்னு அக்கம்பக்கத்துல சொன்னாங்க. வீட்டுக்குள்ளேயே கெடந்து..."

"நல்ல மண்ணுல எடம் குடுக்கலாமில்ல?"

"நல்ல மண்ணுல சைக்கிள் தடம் போட்டாச்சு. கூடாரத்துக்கு மேடை கட்டியாச்சு. மிச்சம் இருந்தது இந்தச் சரிவுதான்."

நாச்சிமுத்து பாறை மேல் உட்கார்ந்தார். வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. கீழே படகுத்துறையில் யாரோ ஒலிபெருக்கியில் முதல் படகுக்கு ஆள் கூப்பிட்டார்கள்.

"வண்டியில இருக்கிற அந்த இன்னொன்னு?"

"உங்களோடதுங்க. அடுத்த வாரம் உங்களை ஏதாச்சும் வேலையா வெளியில அனுப்பிட்டு வெக்கலாம்னு இருந்தேன். நீங்க நேராவே கேட்டுட்டீங்க."

"மாத்தறது இது எத்தனாவது தடவை?"

"நாலாவதுங்க."

அவர் விரல்களைப் பார்த்தார். நான்கு வருடம். ஒவ்வொரு ஞாயிறும். பிறந்தநாளுக்கு அவர் அடியில் வைத்த லட்டு. கிளையில் கை வைத்துக்கொண்டு சொன்ன வீட்டு சமாச்சாரங்கள். மைதிலியின் அம்மாவுக்குக் கண் தெரிய ஆரம்பித்துவிட்டது என்று சொன்னது எந்தக் கன்றிடம் என்று அவருக்குத் தெரியவில்லை.

"பிடுங்கின மூணையும் என்ன பண்ணீங்க?"

கோகிலவாணி தயங்கினாள்.

"உரக்குழியில போட்டேனுங்க."

ஒரு வருடமாக வாரந்தோறும் அந்தக் குழியைக் கிளறியது அவர்தான். கூடை கூடையாக அள்ளி எல்லாக் கன்றுக்கும் போட்டதும் அவர்தான். அகிலனுக்கும் போட்டார். பெயர் தெரியாத எத்தனையோ பேருக்கும் போட்டார்.

உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தார். ரேகைகளில் மண் இருந்தது. தட்டிவிடப் போனார், முடியாமல் அப்படியே மடித்துக்கொண்டார்.

அழுகை வரவில்லை. அழுதால் தேவலை என்று இருந்தது.

பேருந்தைத் தவறவிட்டவர்கள் அவரிடம் கேட்கும் அதே குரலில் கேட்டார்.

"அப்போ எம்பொண்ணு இதுல எதுலதான் அம்மணி இருந்தா?"

கோகிலவாணி கடப்பாரையை எடுத்து மைதிலியின் பலகைக்குப் பக்கத்தில் ஊன்றினாள். அவருக்கு எதிரே மண்ணில் உட்கார்ந்தாள்.

"நான் உங்க பொண்ணைப் பார்த்ததே இல்லீங்க ஐயா. இந்த நாலு வருசமா உங்களைத்தான் பார்த்துட்டிருக்கேன்."