எல்லார் முகமும் நீலாயி முகம்

முன்னொரு காலத்துல, மலையும் சுனையும் மனுஷங்களோட பேசிக்கிட்டிருந்த நாள்ல, பவழமலை நாடுன்னு ஒரு நாடு இருந்தது. அந்த நாட்டுல வண்ணமுத்துன்னு ஒரு வளையல்காரன். நானும் வளையல்காரன் வீட்டுல பிறந்தவன்தான். அவனைப் பத்திச் சொல்ல எனக்கே கூச்சமா இருக்கு. ஆனா மறைச்சுச் சொல்றதுன்னா கதை சொல்ல நான் எதுக்கு? உள்ளதைச் சொல்லிடுறேன், கேளுங்க.

ஊரான் வீட்டுப் பொண்ணு கையைத் தொட உரிமை உள்ளவன் வளையல்காரன் ஒருத்தன்தான். புருஷன் பக்கத்துல நின்னு பார்த்துக்கிட்டிருப்பான், ஒண்ணும் சொல்ல மாட்டான். ஏன்னா, கையைத் தொடறதுக்கு முன்னாடி வளையல்காரன் ஒரு வார்த்தை சொல்லியாகணும். பெரியவங்கன்னா 'ஆத்தா', சின்னவங்கன்னா 'தங்கச்சி'. அதைச் சொன்ன பிறகுதான் கையைப் பிடிக்கணும். நம்ம வண்ணமுத்து ஆள் கூடியிருந்தா அந்த வார்த்தையை ஊருக்கே கேக்கிற மாதிரிச் சொல்லுவான். தனியா ஒரு அழகி வந்துட்டா மட்டும் முழுங்கிடுவான். பொண்ணுங்களுக்கு அது புரியாதா என்ன? சட்டுனு முகம் சிவந்துபோகும்.

பூங்குளத்துல பூக்கட்டுற செவ்வந்தி கையைப் பிடிச்சான். "இந்தக் கைக்கு ஏத்த வளையல் இன்னும் பிறக்கல. அடுத்த பௌர்ணமிக்குத் தாலியோட கொண்டு வர்றேன்"னான். போனவன் போனவன்தான்.

தறியூர்ல நெசவுக்காரர் மகள் கையைப் பிடிச்சான். "இந்தக் கைக்கு ஏத்த வளையல் இன்னும் பிறக்கல. அடுத்த பௌர்ணமிக்குத் தாலியோட கொண்டு வர்றேன்"னான். அங்கேயும் அதே கதை.

மூணாவதா மலைச்சுனைக்குக் காவல் இருந்த நீலாயி கையைப் பிடிச்சான். அவ மந்திரக்காரி பரம்பரை. சுனைத் தண்ணி அவ சொன்னா நிக்கும், சொன்னா ஓடும். தனியாவே வளர்ந்தவ, இனிக்க இனிக்கப் பேசி யாரும் கேட்டதில்லை. இவன் அதே பாட்டைப் பாடினான். அவ அப்படியே நம்பிட்டா, பாவம்.

முதல் பௌர்ணமிக்கு மலைப்பாதையை முழுக்கப் பெருக்கி வச்சா. ரெண்டாம் பௌர்ணமிக்குச் சோறு தண்ணியை விட்டா. மூணாம் பௌர்ணமிக்குச் சுனையையே விட்டுட்டா. அவன் போற ஊருக்கெல்லாம் பின்னாலேயே போனா. சந்தையில நின்னா, சாவடியில நின்னா, அவன் குளிக்கிற ஆத்தங்கரையில நின்னா. அவன் திரும்பிப் பார்த்தா அங்க நீலாயி. வேற ஒரு நினைப்பே அவளுக்கு இல்லாமப் போச்சு.

கடைசியில ஒரு நாள், நடுச்சந்தையில அவன் எதிரே வந்து நின்னு, "என்னைத் தெரியலையா?"ன்னு கேட்டா. சுத்தி அத்தனை சனம். வண்ணமுத்துக்கு வேர்த்துக் கொட்டிடுச்சு. தெரியும்னு சொன்னா மானம் போயிடுமேன்னு பயந்து, "யாரும்மா நீ? உன் முகமே ஞாபகத்துல இல்லையே"ன்னுட்டான்.

நீலாயி அழல. இடுப்புல இருந்த குடத்துலேருந்து ஒரு கை சுனைத் தண்ணியை அள்ளினா. "என் முகம் ஞாபகம் இல்லையா? இனிமே என் முகத்தைத் தவிர வேற பொண்ணு முகம் உனக்குத் தெரியாது"ன்னு சொல்லி அவன் கண்ணுல அடிச்சுட்டுப் போயிட்டா.

இவன் கண்ணைத் துடைச்சுக்கிட்டுச் சிரிச்சான். சிரிச்சுக்கிட்டே நிமிர்ந்தா, கீரை விக்கிறவ நீலாயி. கிழவி நீலாயி. தாய் இடுப்புல இருக்கிற பச்சப்பிள்ளை நீலாயி, அந்தத் தாயும் நீலாயி. முகம் மட்டுமா, குரலும் அவ குரல். யாருக்கு 'ஆத்தா' சொல்றது, யாருக்குத் 'தங்கச்சி' சொல்றதுன்னு தெரியாம அவன் தொழிலே நின்னுபோச்சு. வைத்தியர் பார்த்தார், பூசாரி பார்த்தார், அரண்மனைக் கோடாங்கியும் பார்த்தார். மூணு பேரும் கையை விரிச்சுட்டாங்க.

அந்த நேரத்துலதான் அவன் தங்கச்சி தேவானைகிட்டேயிருந்து ஆள் வந்தது. தாய் தகப்பன் இல்லாத பிள்ளையை இவன்தான் தூக்கி வளர்த்து, ஆலங்காட்டுல கட்டிக் கொடுத்தான். ஊர் முழுக்க அயோக்கியத்தனம் பண்ணினவன், தங்கச்சி விஷயத்துல மட்டும் தங்கம். அவளுக்கு ரெண்டு பிள்ளை வயித்துலேயே போச்சு. இது மூணாவது, ஏழு மாசம் தாங்கிடுச்சு. "வளைகாப்புக்கு அண்ணன் கையாலதான் முதல் வளையல்"னு சொல்லி அனுப்பியிருந்தா. இவன் அன்னிக்குத்தான் உக்காந்து அழுதான். தங்கச்சி முகம் எப்படி இருக்கும்னு நினைச்சுப் பார்த்தா, நினைப்புலேயும் நீலாயி முகமே வந்தது.

இருந்தாலும் போனான். போகாம இருக்க முடியுமா?

ஆலங்காட்டுல ஒரு வழக்கம். மாசமான பொண்ணைத் தனியா மணையில உக்கார வைக்க மாட்டாங்க. இன்னொரு பிள்ளைத்தாச்சியைத் துணைக்குப் பக்கத்துல உக்கார வைப்பாங்க. வண்ணமுத்து உள்ளே நுழைஞ்சா, கூடம் நிறைய நீலாயி. மணையில ரெண்டு நீலாயி, ரெண்டு பேருக்கும் நிறை வயிறு, ரெண்டு பேர் கன்னத்துலேயும் சந்தனம். எது தங்கச்சி? கேட்டா ஊரே சிரிக்கும். கேக்க வெக்கப்பட்டுக்கிட்டு, குத்துமதிப்பா வலப்பக்கம் இருந்தவ கையைப் பிடிச்சு முதல் வளையலை ஏத்திட்டான்.

அந்தக் கைக்காரி வெடுக்குனு கையை இழுத்துக்கிட்டா. அவ யாருன்னு நினைச்சீங்க? பூங்குளத்துச் செவ்வந்தி. ஆலங்காட்டுக்கு வாக்கப்பட்டு வந்திருந்தா.

"உன் தங்கச்சி பக்கத்துல இருக்கிறப்பவே என் கையைப் பிடிக்கிறியா? அன்னிக்கும் 'தங்கச்சி'ன்னு கூப்பிடாமத்தானே பிடிச்சே"ன்னு கேட்டா.

இடப்பக்கம் இருந்தவ, "என்ன அண்ணே சொல்றாங்க இவங்க?"ன்னா. குரல் நீலாயி குரல், கேட்டது தேவானை.

அவன் வாயில பொய் தயாரா இருந்தது. வெயில்ல வந்தேன், கண்ணு மங்கிடுச்சுன்னு சொல்லியிருக்கலாம், எல்லாரும் நம்பியிருப்பாங்க. ஆனா இந்த ஒரு இடத்துல பொய் சொல்ல அவனுக்கு மனசு வரல. உடம்பெல்லாம் கூசிப்போய் அப்படியே தரையில உக்காந்துட்டான். செவ்வந்திகிட்டே சொன்னது பொய், தறியூர்ல சொன்னது பொய்னு எல்லாத்தையும் ஒண்ணு விடாமச் சொன்னான். அப்புறம் கூடத்துல இருந்த அத்தனை முகத்தையும் பார்த்துக் கும்பிட்டான்.

"நீலாயி, நான் போற இடமெல்லாம் வர்றவ நீ. இங்கேயும் எங்கேயோ இருப்பே, எனக்குத் தெரியும். சந்தையில உன்னை எனக்கு நல்லாவே அடையாளம் தெரிஞ்சது. ஊருக்குப் பயந்து தெரியாதுன்னேன். எந்தப் பௌர்ணமிக்கும் நான் வர்றதா இல்லை. உன்கிட்டே சொன்னப்பவே அது பொய். எனக்காகக் காத்திருக்காதே. நான் காத்திருக்கத் தகுந்த ஆள் இல்லை."

தூண் ஓரத்துலேருந்து ஒரு பொண்ணு நடந்து வந்தா. மெலிஞ்சு எலும்பும் தோலுமா இருந்தா.

"இதை முதல் பௌர்ணமிக்கே சொல்லியிருந்தா, நாலு நாள் அழுதுட்டு என் சுனையைப் பார்த்துக்கிட்டு இருந்திருப்பேன். என் முகத்தை ஊர்ப் பொண்ணுங்களுக்கெல்லாம் கொடுத்ததுல, தண்ணியில குனிஞ்சு பார்த்தா எனக்கே என் முகம் இல்லை. ஒரு மனுஷனை ஓட ஓட விரட்டினேன். அது என் தப்பு. என் முகத்தை நானே எடுத்துக்கிறேன்"னு சொல்லி, முந்தானையால அவன் கண்ணைத் துடைச்சுவிட்டா.

மாயம் கலைஞ்சது. கிழவி கிழவியானா, குழந்தை குழந்தையானா. கூடம் நிறைய விதவிதமான முகம். வண்ணமுத்து ஆசையோட இடப்பக்கம் திரும்பினான். தேவானை முகம் தெரிஞ்சது. அவ அழுதுக்கிட்டிருந்தா. இவன் பார்த்ததும் கையை மட்டும் நீட்டிட்டு, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டா. அண்ணனைப் பார்க்க அவளுக்கு அவ்வளவு வெக்கமா இருந்தது. இவன் ரெண்டு கைக்கும் வளையல் போட்டுட்டு வெளியே வந்துட்டான்.

நீலாயி மலைக்குத் திரும்பினா. அவ வந்ததும், வத்திக் கிடந்த சுனை பழையபடி பொங்கிச்சு, நாலு ஊர் வயல் விளைஞ்சது. செவ்வந்திக்குப் பெண் குழந்தை. தேவானைக்கு ஆண் குழந்தை, ஒரு குறையும் இல்லாமப் பிறந்தது. வண்ணமுத்து தறியூருக்கு நடந்துபோய், நெசவுக்காரர் மகள் கால்ல விழுந்து எழுந்தான். அவ மன்னிச்சாளான்னு கேக்காதீங்க, அது அவ இஷ்டம்.

மாசா மாசம் அவன் ஆலங்காட்டுக்கு வந்தான். தேவானை சோறு போடுவா, தலையைக் குனிஞ்சுக்கிட்டே போடுவா. பிள்ளை உக்காந்தான், தவழ்ந்தான், எழுந்து நின்னான். அவன் தத்தித் தத்தி நடந்து போய் மாமன் முழங்காலைப் பிடிச்ச அன்னிக்குத்தான், தேவானை தலை நிமிர்ந்து அண்ணன் முகத்தைப் பார்த்தா.