கடல் இல்லாத உப்பு

சிரிக்க வேண்டிய கதைதான். ஆனால் சிரிப்பு கொஞ்சம் பின்னால் வருகிறது. அதுவரை வாயை மூடிக்கொண்டு இருங்கள்.

இஞ்ஞாசிமுத்து சார் கல்லூரியில் பாடம் எடுத்துக்கொண்டே முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்கிறவர். தலை பாதி நரைத்தாயிற்று. அவருடைய வழிகாட்டி நஸீமா, அவரைவிட ரொம்பச் சின்னவர்.

கடலோரத்து மணல்குடியில் நிலத்தடி நீருக்குள் உப்பு எதுவரை ஏறும் என்பது ஆய்வு. சார் கை காட்டும் இடத்தில்தான் ஊருக்குக் குடிதண்ணீர் போர்வெல் போடப்போகிறார்கள். பஞ்சாயத்துத் தலைவரிடமிருந்து தினம் போன். சாருக்கு இருப்புக்கொள்ளவில்லை.

ஒருநாள் நஸீமாவிடம் புகாரோடு வந்து நின்றார். லேபில் விலை கொடுத்து வாங்கிய சாஃப்ட்வேரைத் தொடமாட்டாராம். பெட்டியைப் பூட்டிச் சாவியைக் கம்பெனிக்காரன் இடுப்பில் சொருகிக்கொண்டால், உள்ளே கணக்குப் போடுகிறதா குறட்டை விடுகிறதா, யார் கண்டது?

“எனக்குத் திறந்த புரோகிராம்தான் வேணும் மேடம். ஒவ்வொரு வரியும் கண்ணுக்குத் தெரியணும்.”

நஸீமா தானே எழுதிய புரோகிராம் ஒன்றை அனுப்பிவைத்தார். பூட்டில்லை, லைசென்ஸ் இல்லை.

இன்னும் சிரிக்க வேண்டாம்.

மறுநாளே சார் அதை ஓட்ட, உப்பு ஏறும் எல்லையாக வரைபடத்தில் ஒரு கோடு வந்தது. கடற்கரையில் கிளம்பி, வளைந்து, மாதா கோயில் தெருவுக்கு முன்னாலேயே நின்றுவிட்டது. அழகென்றால் அப்படி ஒரு அழகு. சார் அதை லேப் கதவில் ஒட்டினார். போவோர் வருவோருக்கெல்லாம் ஓப்பன் சோர்ஸ் பிரசங்கம், பூசை வைக்கிற பாதிரியார் குரலில், ஏற்றி இறக்கி. தெருவில் தாராளமாகப் போர் போடலாம் என்று தலைவருக்கும் சொல்லியாயிற்று. போர் வண்டி காலையில் கிளம்புகிறது.

நஸீமா கோட்டைப் பார்த்தார்.

“கடல் இல்லாம ஒரு தடவை ஓட்டிப் பாருங்க சார்.”

குழந்தை விளையாட்டுக்கு இணங்குகிற மாதிரி, சார் கடலைப் பூஜ்ஜியமாக்கி ஓட்டினார்.

அதே கோடு.

மழையை எடுத்தார். மணலை எடுத்தார். ஊரையே எடுத்தார்.

அதே கோடு. அதே வளைவு.

“கடலே இல்லாம உப்பு எங்கேருந்து மேடம் வருது?”

“என்னைக் கேட்டா? எல்லாம் திறந்துதானே கிடக்கு.”

அப்போதுதான் சார் முதல் தடவையாக அந்தப் புரோகிராமுக்குள் போனார். தலைப்பு வரி தமிழிலேயே இருந்தது.

‘எதைக் கொடுத்தாலும் ஒரே கோடுதான் வரும். சார் இதைப் படிக்கிற வரைக்கும்.’

கை தானாகப் போனுக்குப் போனது.

“தலைவரே, போர் வண்டியை நிறுத்துங்க. நான் இன்னும் படிக்கல.”