மின்பொறி இல்லாத குடுவை

காரைக்குடிப் பக்கம் ஓர் ஆய்வுக்கூடம். அதன் தலைவி மெய்யம்மை. அவரிடம் மாணவராகச் சேர்ந்த பரஞ்சோதி, அவரைவிட வயதில் மூத்தவர். உயிர் எப்படித் தோன்றியது என்று தெரிந்தே தீர வேண்டும் என, பாடம் நடத்திக்கொண்டிருந்த கல்லூரி வேலையை உதறிவிட்டு வந்த மனிதர்.

பூமியின் இளமைக் காலத்தில் இருந்திருக்கக்கூடிய வாயுக்களை நீரோடு சேர்த்து அவர் ஒரு குடுவையில் அடைத்தார். மின்னலுக்குப் பதிலாக உள்ளே மின்பொறி விட்டார். சில நாள் கழித்து, அந்த நீரில் ஒரு சொட்டைத் தாளில் இட்டு, மருந்து தெளித்துச் சூடு காட்டினார். உயிர்களுக்கு அடிப்படையான அமினோ அமிலம் அதில் இருந்தால் தாள் ஊதாவாகும். ஆயிற்று, நல்ல கத்தரிப்பூ நிறத்தில்.

பரஞ்சோதிக்குக் கால் தரையில் பாவவில்லை. மாதக் கடைசியில் மதிப்பீட்டுக் குழு கூடுகிறது. காட்ட ஒன்றும் இல்லையென்றால் அவருடைய ஆய்வை மூடிவிடுவார்கள்.

மெய்யம்மை தாளைப் பார்த்தார். பொறி விடாமல் இன்னொரு குடுவை வைக்கச் சொன்னார்.

"பொறி இல்லாம ஒண்ணும் வராது மேடம். எனக்கே தெரியும்."

"அப்ப வராததைக் காட்டுங்க."

வேண்டாவெறுப்பாக வைத்தார். அந்தக் குடுவையின் தாளும் ஊதாவானது.

கூடத்தில் வேறு யாரும் இல்லை. கிழித்துப் போட்டிருந்தால் கேட்பாரில்லை. மனிதர் கொஞ்ச நேரம் கிழிக்கத்தான் நினைத்தார். பிறகு அழாக்குறையாகக் கொண்டுபோய் நீட்டினார்.

மெய்யம்மையின் முகம் மலர்ந்துவிட்டது. ஒரு புதுத் தாளைக் கொடுத்து, வழக்கம்போல் ஆரம்பிக்கச் சொன்னார். பரஞ்சோதி அதை வாங்கிப் பக்தியோடு கண்ணில் ஒற்றிக்கொண்டார். சொட்டு இடுவதற்குள் மெய்யம்மை தாளைப் பிடுங்கி, வெறுமனே மருந்து தெளித்துச் சூடு காட்டினார்.

சொட்டு விழ வேண்டிய இடத்தில் கட்டைவிரல் ரேகை ஊதாவாக எழுந்து வந்தது.

வியர்வையிலும் அமினோ அமிலம் உண்டு. அதை வருஷக்கணக்கில் பாடம் நடத்தியவர் பரஞ்சோதி. வெட்கம் பிடுங்கித் தின்றது.

"கும்பிடுங்க, வேண்டாங்கல," என்றார் மெய்யம்மை. "கையுறை போட்டுக்கிட்டு, தள்ளி நின்னு கும்பிடுங்க."

பரஞ்சோதி கையுறை போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் மறுபடி செய்தார். பொறி இல்லாத குடுவையின் தாள் வெள்ளையாகவே இருந்தது. பொறி விட்டது ஊதாவானது. ஆனால் உற்றுப் பார்த்தால்தான் தெரியும். கூட்டத்துக்குக் கிளம்பியவர் இரண்டு தாள்களோடு வாசலில் தயங்கினார்.

"இவ்வளவு மங்கலா இருக்கே மேடம். நம்புவாங்களா?"

"நம்பச் சொல்லாதீங்க. எப்படிச் செஞ்சீங்கன்னு ஒண்ணு விடாம சொல்லுங்க. அவங்க குடுவையிலயும் வரும்."

"வரலைன்னா?"

"நமக்குத் தெரியாத ஒண்ணு அவங்களுக்குத் தெரிஞ்சிருச்சுன்னு அர்த்தம். உடனே போய்க் கேட்டுக்கிட்டு வாங்க."